மேலே ஏற்றும், கீழே இறக்காது: மாம்பலத்துக் களிமண்

மண்ணுக்குள் நீர் எப்போதும் நிலையாற்றல் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே நகர்கிறது. அந்த ஆற்றலில் ஒரு பங்கு உயரத்தால் வருவது: மீட்டருக்குச் சுமார் 10 கிலோபாஸ்கல். இன்னொன்று மண்ணின் பிடியால் வருவது. துகள்களோடு நீர் ஒட்டிக்கொள்வதும் நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து, நுண்ணிய இடுக்குகளுக்குள் அதை உறிஞ்சி வைக்கின்றன. அப்படிப் பிடிபட்ட நீரின் ஆற்றல் குறைவு. அதனால் அதை எதிர்மறை எண்ணில் குறிக்கிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் எட்கர் பக்கிங்ஹாம் 1907இல் இந்தக் கணக்குக்கு அடித்தளமிட்டார்.

இடுக்கு எவ்வளவு குறுகலோ, பிடி அவ்வளவு வலுவானது. ஆரம் 0.1 மி.மீ. என்றால் நீர் சுமார் 15 செ.மீ. ஏறும், 0.01 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர். சென்னையில் அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் மணல். அங்கே இடுக்குகள் அகலம். மேற்கு மாம்பலத்திலும், 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகரிலும் களிமண்.

பழைய மாம்பலம் வீடுகளின் சுவரில் நீர் இப்படி ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத இடத்தில், மண்ணின் ஈரம் செங்கல் வழியாகவும் காரை வழியாகவும் ஏறி, இடுப்புயரம் வரை ஓதம் காக்கிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. நீர் ஆவியான இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண்செலவு மட்டுமல்ல, கேடும்கூட: ஆவியாகும் வழி அடைபட்டதும் ஈரம் இன்னும் உயரே போய் வெளிவரும்.

இப்படி மேலே ஏற்றும் மண், மழைநீரைக் கீழே விடுவதில் மட்டும் மந்தம். இடுக்கின் ஆரம் பத்தில் ஒன்றானால் ஏறும் உயரம் பத்து மடங்காகும்; ஆனால் அதே அழுத்தச் சரிவில் நீரோட்டத்தின் வேகம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண் முதல் மழையை மடமடவென்று குடிக்கும். ஊறி உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும், உறிஞ்சும் விசையும் தணிந்துவிடும். அதன்பின் ஈர்ப்பு விசை ஒன்றுதான் நீரை இறக்க வேண்டும்.

தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. ஆனால் களிமண்ணில் ஆழமில்லாத குழி தோண்டி ஜல்லி கொட்டினால் அதில் நீர் தேங்கியே நிற்கும். களிமண் அடுக்கைத் துளைத்து அடியிலுள்ள மணலைத் தொடும்வரை குழாயோ உறைகிணறோ இறக்கினால்தான் மாம்பலத்து மழை நிலத்தடிக்குப் போய்ச் சேரும்.