நூற்றுக்கு எட்டு: ஸ்லொட் மெஷினின் கணக்குப் புத்தகம்

சூதாட்டம் ஹராம் என்பது மத்ரஸாவில் ஓதும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது எந்தக் கணக்கில் காசைப் பறிக்கிறது என்பது பெரியவர்கள் பலருக்கும் தெரியாது. அது தெரியாததால்தான் "விட்டதை எப்படியும் பிடித்துவிடலாம்" என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த வாரம் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களுக்கு விட்டுவிட்டு, ஒரு வியாபாரியாக அந்தக் கணக்கை மட்டும் புரட்டிப் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் கசினோவுக்குப் போக வேண்டுமென்றால் புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். 2025 ஓகஸ்ட் மாதத்தில் கொழும்பு பேரை வாவிக்கு அருகே 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' என்ற பெரிய கசினோ திறக்கப்பட்டது. அதே வருடம் பாராளுமன்றத்தில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் கற்பிட்டியில் வாடியில் இருக்கும் பையனுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி. அவனுடைய கசினோ அவன் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியில் இருக்கிறது. அதில் அதிகம் ஆடப்படுவது ஸ்லொட் எனப்படும் சக்கர விளையாட்டு.

இதன் மூலத்தை முதலில் பார்ப்போம். 1890களில் அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரில் சார்ல்ஸ் ஃபே என்பவர் 'லிபர்ட்டி பெல்' என்ற இயந்திரத்தைச் செய்தார். மூன்று சக்கரங்கள், அவற்றில் குதிரை லாடம், மணி போன்ற படங்கள். மூன்றிலும் மணி வந்து நின்றால் பெரிய பரிசு. ஒரு சக்கரத்தில் பத்துப் படம் என்றால் மூன்று சக்கரமும் நிற்கக்கூடிய விதங்கள் 10 x 10 x 10 = 1,000. சக்கரத்துக்கு ஒரு மணிதான் என்று வைத்தால், மூன்று மணியும் சேர்வது ஆயிரத்தில் ஒன்று.

இப்போது நாமே ஓர் இயந்திரம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். ஒரு தடவை சுற்ற 10 ரூபா. ஆயிரம் விதத்தில் ஒன்றுக்கு 2,000 ரூபா பரிசு, ஒன்பதுக்கு 300 ரூபா வீதம், தொண்ணூறுக்கு 50 ரூபா வீதம். மிச்சம் 900 விதத்துக்கும் ஒன்றுமில்லை. ஆயிரம் தடவை சுற்றினால் நமக்கு வருவது 10,000 ரூபா. நாம் கொடுப்பது சராசரியாக 2,000 + 2,700 + 4,500 = 9,200 ரூபா. மிஞ்சுவது 800, அதாவது நூற்றுக்கு எட்டு. இதைத்தான் அவர்கள் "92 வீதம் திருப்பிக் கொடுக்கிறோம்" என்று விளம்பரம் செய்வார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநில விதிப்படி குறைந்தது 75 வீதமாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்லைன் ஆட்டங்கள் பலவற்றில் 96 வீதம் என்று போட்டிருக்கும்.

கேட்பவருக்கு இது நியாயமான வியாபாரம் போலத் தெரியும். நூற்றுக்கு எட்டு என்பது நம் கருவாட்டு வியாபாரத்தில்கூடப் பெரிய இலாபமல்ல. ஆனால் வியாபாரிக்குத் தெரியும், இலாபம் வீதத்தில் மட்டுமல்ல, புரள்வில் இருக்கிறது. நான் ஒரு மூட்டையை வாங்கி விற்றுக் காசைக் கண்ணால் காண நாட்கள் செல்லும். இயந்திரத்திலோ நிமிடத்துக்குப் பத்துத் தடவை சுற்றலாம். மணித்தியாலத்துக்கு 600 தடவை, புரள்வு 6,000 ரூபா. அதில் நூற்றுக்கு எட்டு 480 ரூபா. 1,000 ரூபாவுடன் உட்கார்ந்தவனின் பணம் சராசரியாக இரண்டு மணித்தியாலத்தில் கரைந்துவிடும். 92 வீதம் திரும்பும் என்றால் 920 ரூபாவோடு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தமல்ல. திரும்பி வந்ததையே மறுபடி மறுபடி போடுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் எட்டு வெட்டப்படுகிறது.

அடுத்தது 'பேலைன்' என்ற கோடுகள். இன்றைய திரையில் ஐந்து நிரல், மூன்று வரிசை, மொத்தம் 15 படம். நேராகவும் சரிவாகவும் வளைவாகவும் இருபது கோடுகள் போட்டு, எந்தக் கோட்டில் படங்கள் ஒத்து வந்தாலும் பரிசு என்பார்கள். வாய்ப்பு இருபது மடங்கு கூடியது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டும். கோட்டுக்கு 10 ரூபா என்றால் ஓர் அழுத்தலுக்கு 200 ரூபா. வீதம் மாறவில்லை, புரள்வுதான் இருபது மடங்காகிறது. அந்த 480 ரூபா நட்டம் 9,600 ரூபாவாகிறது.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. 200 ரூபா போட்டவனுக்கு ஒரு கோட்டில் 80 ரூபா விழுந்தால் திரை மின்னும், மணி அடிக்கும், "வென்றீர்கள்" என்று எழுத்து ஓடும். உண்மையில் அவன் 120 ரூபா இழந்திருக்கிறான். பிரித்தானியாவில் 2021 ஒக்டோபர் முதல் ஒன்லைன் ஸ்லொட்டில் இப்படித் தோல்வியை வெற்றியாகக் கொண்டாடிக் காட்டுவதைத் தடை செய்தார்கள்.

"இரண்டு மணி வந்துவிட்டது, மூன்றாவது ஒரு தட்டில் தப்பிவிட்டது" என்று சொல்பவர்களும் உண்டு. 1984 இல் அமெரிக்காவில் டெல்னஸ் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். அதன்படி கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடம் இருந்தாலும், உள்ளே கணினி 64 இடம் இருப்பதாக வைத்து எண் எடுக்கலாம். பரிசுப் படத்துக்கு ஓர் எண் மட்டும் கொடுத்து, அதன் பக்கத்து இடங்களுக்குப் பல எண்கள் கொடுக்கலாம். 22 இடமென்றால் மூன்றும் சேர்வது 10,648 இல் ஒன்று. 64 என்றால் 2,62,144 இல் ஒன்று. பொத்தானை அழுத்திய கணத்திலேயே முடிவு எழுதப்பட்டுவிடும். சக்கரம் சுற்றுவது வேடிக்கைக்கு. இயந்திரத்துக்கு ஞாபகமும் இல்லை. நூறு தடவை தோற்றவனுக்கும் இப்போதுதான் வந்தவனுக்கும் வாய்ப்பு ஒன்றே.

கடைசியாகப் போனஸ். "10,000 ரூபா போடுங்கள், நாங்கள் 10,000 தருகிறோம்." எந்த முதலாளி தெரியாத ஆளுக்கு இலவசமாகப் பத்தாயிரம் கொடுப்பார்? கீழே சிறிய எழுத்தில் இருக்கும்: போனஸ் தொகையைப் போல் 35 மடங்கு ஆடிய பிறகே பணம் எடுக்கலாம். 35 x 10,000 = 3,50,000 ரூபா புரள்வு. 96 வீதம் திரும்பும் ஆட்டத்திலேயே நூற்றுக்கு நான்கு வெட்டினால் சராசரி நட்டம் 14,000 ரூபா. 10,000 ரூபாவைக் காட்டி 14,000 ரூபாவை வாங்குவதற்குப் பெயர்தான் போனஸ். 92 வீத ஆட்டம் என்றால் 28,000. நம் கடையில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றும் வாடிக்கையாளர் கையில் இருக்கும். இங்கே கொடுத்தது திரும்பப் பெட்டிக்கே வருகிறது. இந்த நிபந்தனை 10 மடங்கைத் தாண்டக்கூடாது என்று பிரித்தானிய சூதாட்ட ஆணைக்குழு 2025 இல் தீர்மானித்தது. குராசாவோ தீவு போன்ற இடங்களில் அனுமதி எடுத்து நடத்தும் தளங்களில் ஏமாந்தால் நம் பையன் எந்தப் பொலிஸுக்குப் போவான்? ஆட்டத்துக்குள்ளே வரும் 'இலவசச் சுற்று'ம் அப்படித்தான். அதன் பரிசும் அந்த 92க்குள் அல்லது 96க்குள் ஏற்கெனவே அடங்கியது.

"கடல் தொழிலும் அதிர்ஷ்டம்தானே, வியாபாரமும் அதிர்ஷ்டம்தானே" என்று சிலர் வாதாடுகிறார்கள். சோழகம் எழும்பினால் படகு கரையில் கிடக்கும், மீன் படாத நாளும் உண்டு. உண்மைதான். ஆனால் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்று கடல் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. மீன் பட்டால் சம்மாட்டிக்கும் பங்கு, கூலிக்காரனுக்கும் பங்கு, வாங்கியவன் வீட்டில் கறி. பழகப் பழகத் தொழிலில் கை தேறும், இயந்திரத்தின் முன்னால் எத்தனை வருடம் இருந்தாலும் கை தேறாது. ஒருவன் வெல்லும் காசு இன்னொருவன் இழந்த காசு. நடுவில் கடைக்காரர் மட்டும் நட்டப்படுவதில்லை. சூரத்துல் பகராவின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன் இருப்பதை மறுக்கவில்லை, பாவமே பெரிது என்கிறது. அந்தப் பயன் யார் பெட்டிக்குப் போகிறது என்பதைத்தான் மேலே கூட்டிக் கழித்துப் பார்த்தோம்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களுக்கு மூன்று வேண்டுகோள். கடையில் வேலை செய்யும் பையன் மாதம் பாதியிலேயே திரும்பத் திரும்ப முற்பணம் கேட்டால், ஏசுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். ரீலோட், பணம் அனுப்பும் சேவை வைத்திருப்பவர்கள் இத்தகைய கணக்குகளுக்குப் பணம் போட்டுக் கிடைக்கும் தரகை வேண்டாமென்று விடுங்கள். கத்தாரிலும் சவூதியிலும் உழைத்து வாப்பா அனுப்பும் காசு கையிலுள்ள பிள்ளையிடம் வெறுமனே "கூடாது" என்று சொல்லி நிறுத்தாமல், ஒரு தாளை எடுத்து அந்த 35 மடங்கைப் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெருக்கத் தெரிந்த பிள்ளைக்கு விடை விளங்கும்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக.