சூரியனைக் கேட்க ஓசூர் தோதில்லை

ஓசூர் சிப்காட் பக்கம் ஏ.எம். ரேடியோ வைத்திருப்பவருக்குத் தெரியும்: பக்கத்து ஷெட்டில் ஆர்க் வெல்டிங் தொடங்கினால் செய்தி போய்விடும், கரகரப்புதான் மிஞ்சும். தீப்பொறி தெறிக்கிற இடத்தில் ரேடியோ அலையும் கிளம்பும். சூரியனிலிருந்து ரேடியோ அலை வருகிறதா என்று முதலில் தேடியவர்களைத் தடுமாற வைத்ததும் இந்த மாதிரி இரைச்சல்தான்.

1890-களில் லிவர்பூலில் இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் தேடினார். உலோகத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய்தான் கருவி. அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி நகரும். வெயில் நேரே படாமலிருக்கக் குறுக்கே ஒரு கரும்பலகை. புள்ளி நகர்ந்தது, சில சமயம் துள்ளவும் செய்தது. ஒரு துள்ளலைக்கூடச் சூரியன் கணக்கில் எழுத முடியவில்லை. லிவர்பூல் போன்ற ஊரில் இது நடக்காது என்று லாட்ஜே எழுதிவிட்டார்.

ஊரை விட்டே ஏறிப்போனவர் பிரான்சின் சார்ல் நோர்ட்மான். 1901 செப்டம்பரில் மோன் பிளாங் மலையில், ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில், பனியின் மேல் 175 மீட்டர் கம்பி இழுத்தார். ஒரே நாள் பார்த்துவிட்டு, எதுவும் சிக்காமல் இறங்கிவிட்டார். சூரியப் புள்ளிகள் குறைந்து, ரேடியோ இரைச்சலும் குறைந்திருந்த காலம் அது. அவசரக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் தேடாதவர்களுக்குக் கிடைத்தது. 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்கள் பல இடங்களில் ஒரே நேரத்தில் திணறின. ஜெர்மானியர் வேலையோ என்று சந்தேகம். ராணுவ ஆய்வாளர் ஜே.எஸ். ஹே விசாரித்தால், இரைச்சல் வந்த திசை சூரியனோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. சூரியனில் அப்போது ஒரு பெரிய புள்ளி. போர் ரகசியம் என்பதால் 1946-ல்தான் வெளியே சொன்னார்.

1950-களில் கோவிந்த் ஸ்வரூப்பும், கொடைக்கானல் வானாய்வகத்தின் ஆர். பார்த்தசாரதியும் சிட்னிக்குப் போய்ச் சூரியனின் ரேடியோ அலைகளை அளந்தார்கள். ஸ்வரூப் பின்னாளில் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். நமக்குக் கிட்டத்தில், பெங்களூரைத் தாண்டி வடக்கே கௌரிபிதனூரில், 1997 முதல் ஆன்டெனா வரிசைகள் சூரியனைப் படமெடுத்து வருகின்றன. அவற்றை ஓசூரில் வைக்க முடியாது. இங்குள்ள மோட்டார்களும் வெல்டிங் மெஷின்களும் விடாது.

ஆனால் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சூரியனின் ரேடியோ இரைச்சலைப் பார்க்கலாம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம் கேபிள் டி.வி. படம் கட்டம் கட்டமாக உடையும். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்துவிடுவதால் வரும் கோளாறு அது. அப்போது கேபிள்காரரைத் திட்டாமல், அவர் மாடியிலுள்ள பெரிய டிஷ்ஷைப் போய்ப் பாருங்கள். முன்னால் நிற்கும் குமிழின் நிழல் சரியாகத் தட்டின் நடுவில் விழுந்திருக்கும்.