மலை ஏறும் ரோடு, கை நீட்டும் சாவடி

விடிவதற்கு முன்பே போடியிலிருந்து கிளம்பினால், முந்தல் தாண்டியதும் முன்னாலும் பின்னாலும் ஜீப்புகள்தான். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து விட்ட தூக்கத்தைத் தொடர்கிறார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை மரியாதை. கடைசி வளைவு முடிந்தால் போடிமெட்டு, சுமார் 4,500 அடி. தமிழ்நாடு அங்கே முடிகிறது.

அதற்கப்பால் ரோடே வேறு. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி, 2024 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். அந்த வேலையில் கேப் ரோடு என்ற பகுதியில் பாறையை உடைத்தபோது 2019, 2020-ஆம் ஆண்டுகளில் மலையே சரிந்து விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது. ரோடு திறந்த அதே ஆண்டில் தேவிகுளம் அருகே லாக்காட்டில் டோல்கேட்டும் வந்துவிட்டது.

இந்த மலையில் எல்லை தாண்டக் காசு கேட்பது புதிதல்ல. சமஸ்தானக் காலத்தில் சுங்கச் சௌக்கி இருந்தது. 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது, தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. எல்லை நிலைத்தது, செக்போஸ்ட்டும் நிலைத்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் விற்பனை வரிச் சாவடிகள் மூடப்பட்டு, லாரிக்காரர்கள் மூச்சு விட்டார்கள். சரக்குக்கு வாங்கிய காசு போய், இப்போது சக்கரத்துக்கு வாங்குகிறார்கள்.

ரோட்டுக்கு முன்னால் இங்கே சரக்கு வந்த விதமே வேறு. மூணாறுத் தேயிலை சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேரும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையைத் துடைத்தெடுத்துவிட்டது.

டோல்கேட் என்றதும் ஆல்ப்ஸ் மலையைச் சொல்வார்கள். ஆஸ்திரியாவையும் இத்தாலியையும் இணைக்கும் டிம்மல்ஸ்யோக் கணவாயில் ஆஸ்திரியப் பக்கம் 1959-லும், இத்தாலியப் பக்கம் 1968-லும் சாலை திறந்தது. கிட்டத்தட்ட 2,500 மீட்டர் உயரம். ஆஸ்திரியப் பக்கத்துச் சாவடியில் பணம் கட்டித்தான் போக முடியும். பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள். போகிறவர்களில் பெரும்பாலோர் மலை பார்க்கப் போகிறவர்கள். அவசரக்காரருக்குப் பக்கத்திலேயே பிரென்னர் கணவாய் இருக்கிறது. உயரம் 1,370 மீட்டர், அதாவது நம் போடிமெட்டு அளவுதான். வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். அங்கே விரைவுச்சாலைக்குக் காசு கேட்டாலும், ஒட்டிப் போகும் பழைய ரோட்டில் காருக்குக் கட்டணம் இல்லை. பணம் கட்டுவதும் தவிர்ப்பதும் அவரவர் விருப்பம்.

லாக்காட்டில் அந்த விருப்பம் இல்லை. சாவடி எல்லையில் இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால், பூப்பாறைப் பக்கம் தோட்டங்களுக்குத் திரும்பிவிடும் போடி ஜீப்புகள் அதைப் பார்ப்பதே இல்லை. மூணாறுக்குப் போகும் சுற்றுலாக்காரர் கட்டுகிறார். கட்டட்டும், நல்ல ரோட்டில் வந்தவர்தானே. ஆனால் சாவடிக்கு இந்தப் பக்கம் சின்னக்கானலில் இருப்பவருக்கு மருந்து வாங்கவும் மூணாறுதான். அவருக்கு ஒட்டிப் போகும் பழைய ரோடு எங்கே?

விதிகளில் இரக்கம் இல்லாமல் இல்லை. இருவழிச் சாலை என்பதால் வழக்கமான கட்டணத்தில் 60 சதவீதம்தான். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒன்றரை மடங்கோடு முடிந்துவிடும். 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு. மாவட்டத்தில் பதிவான வாடகை வண்டிக்குப் பாதிதான். ஆனால் அந்தப் பாதியும் கடைசியில் ஏறி உட்காரும் பயணியின் தலையில்தான் விழும். எஸ்டேட் கூலியில் வாழ்கிறவருக்குப் பாதி என்பதும் கணக்குத்தான்.

வடக்கே பாலக்காட்டு மலையில் இருக்கும் அகளியை இதோடு வைத்துப் பார்க்கலாம். அட்டப்பாடியின் இந்த ஊருக்குக் கோவை சுமார் 50 கிலோமீட்டர். சொந்த மாவட்டத் தலைநகரான பாலக்காடு அதைவிடத் தூரம். அதற்கும் முக்காலியிலிருந்து மண்ணார்க்காடு வரை சுரம் இறங்க வேண்டும். ஆகவே சந்தைக்கும் சிகிச்சைக்கும் பலரும் கிழக்கே திரும்புகிறார்கள். ஆனைகட்டியில் கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடைதான் எல்லை. இந்தக் கரையும் ஆனைகட்டி, அந்தக் கரையும் ஆனைகட்டி. பாலம் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். டோல் கிடையாது.

அகளிக்காரர் ஓடையைத் தாண்டுவதும், போடிக்காரர் மெட்டு ஏறுவதும், சின்னக்கானல்காரர் மூணாறு போவதும் ஒரே காரணத்துக்காகத்தான்: வேலை, வைத்தியம், சந்தை. மலையை ரசிக்க வருபவரிடம் வாங்குகிற காசை, மலையில் பிழைப்பவரிடமும் வாங்கலாமா என்பதைச் சாவடி வைப்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அதே ஜீப்புகள் போடிமெட்டு இறங்குகின்றன. ஏறுகிற சுற்றுலாக் கார்களுக்கு வளைவுக்கு வளைவு ஒதுங்கி, வழிவிட்டுக்கொண்டே.