வெசுவியஸ்: ஒரே மலை, இரண்டு ஊர்கள்

எரிமலை பார்க்கப் போகிறோம் என்றால் நெருப்புக் குழம்பு கொதிப்பதைப் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இத்தாலியின் வெசுவியஸில் அது கிடைக்காது. கடைசியாக 1944 மார்ச்சில் வெடித்துவிட்டு, இன்றுவரை வாயை மூடிக்கொண்டிருக்கிறது. பிறகு எதற்குப் போக வேண்டும்? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நேப்பிள்ஸிலிருந்து போய்வர ஒரு நாள் போதும். உள்ளூர் ரயிலில் எர்கொலானோவில் இறங்கினால், அங்கிருந்து பஸ் சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை ஏறும். மிச்சம் அரை மணி நேர நடை. பாதை முழுக்கப் பொடிக்கல், அதனால் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். விளிம்பில் நின்றால் சுமார் 300 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். உற்றுப் பார்த்தால் உள்சுவரில் ஓரிரு இடங்களில் மெல்ல ஆவி கசிவது தெரியும்.

காலடியில் கிடக்கும் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் ஓட்டை. ஒவ்வொன்றும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம். மலையின் கதையே அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது.

பூமிக்கடியில் பாறைக் குழம்புக்குள் நீராவியும் கரியமில வாயுவும் அழுத்தத்தால் கரைந்து கிடக்கின்றன. குழம்பு மேலே வர வர அழுத்தம் குறையும். மூடி திறந்த சோடாவைப் போல வாயு நுரைத்துக் கிளம்பும். குழம்பு இளகலாக இருந்தால் வாயு சுலபமாக வெளியேறிவிடும். கெட்டியாக இருந்தால், குழம்பையே தூள் தூளாகச் சிதறடித்துக்கொண்டு வெளியே வரும். கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்தபோது நடந்தது இதுதான். வளைகுடாவின் வடமேற்கு முனையில் மிசேனத்தில் இருந்த இளைய பிளினி, வானில் எழுந்த சாம்பல் தூணைப் பற்றிப் பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதம் எழுதினார்.

அன்று காற்று தென்கிழக்காக வீசியது. பாம்பேய் நகரம் அந்தத் திசையில் இருந்தது. மணிக்கணக்கில் நுரைக்கல் மழை. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. மேற்கே இருந்த ஹெர்குலேனியத்தில் கல்மழை அதிகம் விழவில்லை. ஆனால் அந்தத் தூண் சரிந்தபோது, கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம் மலைச்சரிவில் பாய்ந்து முதலில் அந்த ஊரைத்தான் மூடியது. கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் ஒதுங்கியவர்கள் அங்கேயே மாண்டார்கள். சுமார் 300 எலும்புக்கூடுகள் 1980 முதல் அங்கே கிடைத்துவருகின்றன.

அதனால் மலையிலிருந்து இறங்கியதும் மதியத்தை ஹெர்குலேனியத்துக்கு ஒதுக்குங்கள். பாம்பேய் பெரிய ஊர், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஹெர்குலேனியத்தில் சுமார் 20 மீட்டர் படிவத்துக்கு அடியிலிருந்து வந்த மரச்சாமான்களைப் பார்க்கலாம். ஒரு வீட்டுக் கூடத்தில் மரத் தடுப்புக் கதவு கரியாகி அப்படியே நிற்கிறது. வெப்பம் மரத்தைக் கரியாக்கியது, மேலே இறுகிய படிவம் காற்றுப் புகாமல் காத்தது. பாம்பேயில் மரம் பெரும்பாலும் மக்கிவிட்டது.

மலையைச் சுற்றி அபாய வளையத்துக்குள் இன்று பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். 1841-இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வகம் நில அதிர்வையும் வாயுவையும் தரை உப்புவதையும் இரவுபகலாகக் கவனிக்கிறது. அந்தச் சாம்பல் வெள்ளத்தை யாராலும் முந்தி ஓட முடியாது. அதனால்தான், எச்சரிக்கை உச்சத்தை எட்டியதும், வெடிப்புக்கு முன்பே 72 மணி நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றும்படி இத்தாலிய அரசு திட்டம் வகுத்திருக்கிறது.