சாயத்தைத் தின்னும் காளான், உப்பை என்ன செய்யும்?

சிப்பிக்காளான் வளர்க்கிற வீட்டுக்குப் போனால், அறுவடை முடிந்து வெளியே வீசிய ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே திணித்தபோது கையை அறுத்த வைக்கோல், இப்போது இரு விரலால் நசுக்கினால் பொடிந்துவிடும். வைக்கோலுக்கும் மரத்துக்கும் விறைப்பு தருவது லிக்னின். காளான் அதைத்தான் கரைத்திருக்கிறது.

லிக்னினுக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. அதனால் அதை உடைக்கும் நொதிகளும் ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஏறக்குறைய அதே சாயலில் எது சிக்கினாலும் ஒரு கை பார்க்கும். சிப்பிக்காளானைப் போலவே லிக்னினை உடைக்கும் வெண்மட்கல் பூஞ்சை ஒன்று டிடிடி பூச்சிக்கொல்லியைக்கூடச் சிதைக்கிறது என்று 1985-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த நொதிகளில் ஒன்றான லாக்கேஸின் கதை இன்னும் பழையது: 1883-ல் ஜப்பானில், அரக்கு மரத்துப் பாலில் கண்டுபிடித்தது. இன்று பூஞ்சை வழியாகத் தயாராகி, ஜீன்ஸ் துணியின் நீலத்தை வெளுக்க ஆலைக்குப் போகிறது. 'பழசு மாதிரி' இருக்கவேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த வெளுப்பு!

சாயத்தையே தின்னும் என்றால், சாயக்கழிவில் தவிக்கும் திருப்பூருக்கு விடிவுகாலம்தானே? ஆய்வகக் குடுவையில் சிவப்புத் தண்ணீர் சில நாளில் தெளிகிறது, உண்மைதான். ஆனால் காளான் புளிப்பில் செழிக்கும் உயிர். சாயப்பட்டறைக் கழிவோ சூடாக, காரமாக வருகிறது. திறந்த தொட்டியில் பாக்டீரியாவோடு வேறு காளான் மல்லுக்கட்ட வேண்டும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். என் பயம் உப்பு. பருத்தியில் அடர்நிறம் பிடிக்க, சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புகூடப் போடுகிறார்கள். துணி சாயத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியேறும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்குக் கட்டிய அணையை, திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொன்னது இந்தத் தண்ணீரால்தான். நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சிவப்பாக ஓடினால் ஊர் கேள்வி கேட்கும். தெளிவாக ஓடும் உப்புத்தண்ணியை யார் கேட்பார்கள்? தென்னை கருகிய பிறகுதான் தெரியும்.

நிறம் போனாலே பாதி வேலை முடிந்தது என்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும். 2011-ல் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடு இறுகியது. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பில் ஒரு பங்கைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் தங்கும் கலப்பு உப்பு எதற்கும் உதவாமல், சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது.