பாலைவன நாடுகளில் மதுவிலக்கு

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சில நாட்களுக்குள் குவைத் நாட்டு வைத்தியசாலைகளில் 160 பேர் அனுமதிக்கப்பட்டனர். நஞ்சு கலந்த கள்ளச் சாராயத்தை அருந்தியவர்கள் இவர்கள். 23 பேர் மாண்டனர். வேறு பலர் கண்ணொளி இழந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் தொழிற்படாமையால் இயந்திரங் கொண்டு இரத்தஞ் சுத்திகரிக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலார் ஆசிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள்.

குடித்தார்கள், மடிந்தார்கள் என்று சொல்லி இச் செய்தியை ஒதுக்கிவிடுவது எளிது. குடியைப் போற்றுவது எமது நோக்கமன்று; கசிப்பினாற் குடிகெட்ட இல்லங்களை நம் ஊர்களிலேயே கண்டிருக்கின்றோம். ஆயினும் நம்மவர் வீடுகள் பலவற்றில் அடுப்பெரிவது வளைகுடாப் பணத்தினாலன்றோ? அங்குள்ள சட்டம் எவர் தலையில் எவ்விதம் இறங்குகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

குவைத்தில் 1964இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் மதுபான இறக்குமதி தடைப்பட்டது. சவூதி அரேபியாவிலோ தடை பிறந்த கதை வேறு. 1951 நவம்பரில் ஜித்தா நகரில் பிரித்தானிய உப தூதுவர் ஒருவர் தம் இல்லத்தில் விருந்தளித்தார். விருந்துக்கு வந்திருந்த இளவரசர் மிஷாரி மேலும் மது கேட்டார், மறுக்கப்பட்டது. சினங்கொண்டு துப்பாக்கியோடு மீண்ட இளவரசரின் சூட்டுக்கு அத் தூதுவர் இரையானார். முதியவரான மன்னர் அப்துல் அஸீஸ் மகனின் செயலால் மனமுடைந்து, 1952இல் தம் நாட்டுக்குள் மது வருவதையே தடுத்துவிட்டார். அதுவரை எண்ணெய்க் கம்பனியின் அமெரிக்க ஊழியர்க்கு இருந்த சலுகையும் அத்துடன் போயிற்று.

சலுகை போயிற்றேயன்றி மது போகவில்லை. மதில் சூழ்ந்த குடியிருப்புக்களில் வசித்த அமெரிக்கர், சர்க்கரையையும் நொதியையும் தண்ணீரில் ஊறவைத்துத் தம் வீட்டுக்குள்ளேயே வடித்துக்கொண்டனர். நம் நாட்டுக் கசிப்புக்காரர் 'கோடா' போடுவதும் இதே முறைதான். வடித்ததற்கு அவர்கள் இட்ட பெயர் 'சதீக்கி'. அரபு மொழியில் 'என் தோழன்' என்று பொருள்! கருவிகளைப் பழுதின்றி அமைக்கவும், வரும் சாராயத்தில் நஞ்சு சேராமற் காக்கவும் வழிசொல்லும் கைந்நூல் ஒன்றுகூட அவர்களிடையே உலாவிற்று. படித்த பொறியியலாளர் பலர் கூடிச் செய்த காரியமல்லவா! மதிலுக்குள் நடப்பது மதிலுக்குள்ளேயே நிற்குமட்டும் அதிகாரிகளும் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

கண்டுகொண்ட வேளைகளும் உண்டு. 2014இல், வீட்டில் வடித்த வைன் போத்தல்களோடு அகப்பட்ட எழுபது வயது கடந்த பிரித்தானியர் ஒருவர் ஓராண்டுக்கு மேற் சிறையிலிருந்தார். முடிவில் 2015 ஒக்டோபரில் பிரித்தானிய வெளிநாட்டமைச்சரே ரியாத்துக்குச் சென்றார், விடுதலையும் கிட்டிற்று. ஒரு கூலித் தொழிலாளி அகப்பட்டால் அவனுக்காக எந்த அமைச்சர் விமானமேறுவார்?

டுபாயின் வழி இன்னும் நயமானது. அங்கே மது முற்றாக விலக்கப்பட்டதில்லை. (அடுத்தாற் போலுள்ள ஷார்ஜாவில் முழு விலக்கு; ஒரு வீதியைக் கடந்தாற் சட்டம் மாறிவிடும்.) ஆனால் கடையில் வாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். அண்மைக் காலம் வரை, முஸ்லிமல்லாத 21 வயது நிரம்பியவராய், மாதம் 3,000 திர்ஹாமுக்குக் குறையாத சம்பளம் பெறுபவராய் இருந்தாலே அப் பத்திரம் கிடைக்கும். விண்ணப்பத்தில் முதலாளியின் கையொப்பமும் முத்திரையும் இருத்தல் வேண்டும். 2006இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, ஐக்கிய அரபு இராச்சியத்துக் கட்டடத் தொழிலாளியின் சராசரி மாதச் சம்பளம் 175 டொலர் என்கிறது. திர்ஹாமிற் கணக்கிட்டால் 650ஐயும் எட்டாது. ஆகவே, சட்டத்தில் எழுதியிருந்தது மதமும் வயதும் சம்பளமும்; நடைமுறையில் வாசலைக் காத்துநின்றது சம்பளமே. 2023இற் பத்திரம் இலவசமாக்கப்பட்டது. 30 வீத வரியும் நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் வரி மீண்டும் வந்துவிட்டது.

கட்டாரில் 2022இல் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நேயர்கள் மறந்திரார். ஆட்டந் தொடங்க இரண்டு நாள் இருக்கையில், விளையாட்டரங்குகளைச் சுற்றி பியர் விற்பது தடுக்கப்பட்டது. உலகப் பத்திரிகைகள் யாவும் கூக்குரலிட்டன. ஆயினும் அரங்கின் சொகுசு மண்டபங்களில் இருந்தோருக்குத் தாகம் தீராமற் போகவில்லை. இரசிகர் கூடும் திடலிலும் பியர் கிடைத்தது. அரை லீற்றர் 50 ரியால். அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால் என 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அரங்கைக் கட்டியவனுக்கு ஒரு குவளை, ஒரு நாட் கூலியிலும் அதிகம்!

இவ்வாறு வாயில் அடைபட்டவன் முகாமில் இருக்கிறான். ஓர் அறையிற் பலர், அடுக்குக் கட்டில், கொளுத்தும் வெயிலில் வேலை, மனைவி மக்களைக் காண இரண்டாண்டு காத்திருப்பு. முகவருக்குக் கொடுத்த கடன் வட்டியோடு ஊரில் வளர்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அவனைத் தேடி வருவது தண்ணீர்ப் போத்தலில் அடைத்த மலிவுச் சரக்கு. வடித்தவன் யார், கலந்தது எது என்று அவன் கேட்பதில்லை.

கலப்பது பெரும்பாலும் மெதனோல். தொழிற்சாலைக்குரிய இத் திரவம் நிறத்தாலும் மணத்தாலும் சாராயத்தினின்று எளிதிற் பிரித்தறிய முடியாதது. ஈரல் அதனைப் போமிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் வெறி தவிர வேறொன்றுந் தோன்றாது. அரை நாளோ ஒரு நாளோ கழிந்த பின்னரே தலைவலி, வாந்தி, வயிற்று நோ, மூச்சு வாங்கல், பனிமூட்டத்தினூடே பார்ப்பது போன்ற மங்கல் ஆகியன தோன்றும். உடனே சென்றால் மாற்று மருந்துண்டு. ஈரல் மெதனோலை மாற்றும் வேலையைத் தடுத்து நிறுத்துவதற்கு போமெபிசோல் என்ற மருந்தையோ, அஃதில்லாவிடில் தூய சாராயத்தையே அளவறிந்தோ மருத்துவர் கொடுப்பர்.

உடனே செல்கிறானா என்பதே கேள்வி. வைத்தியசாலைக்குச் சென்றால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்தால் நாடுகடத்தல். நாடு திரும்பினால் கடன்காரன். விசா முதலாளியின் பெயரில். கடவுச்சீட்டும், சட்டம் தடுத்தும், பல வேளைகளில் அவர் மேசை அறையில். குவைத்தில் 2025 ஜூலை முதலாந் திகதி தொடக்கம், தனியார் துறையில் வேலைசெய்யும் வெளிநாட்டவர் நாட்டை விட்டு வெளியேறவே முதலாளியின் அனுமதி பெற வேண்டும். இத்தகைய பிடிக்குள் இருப்பவன், கண் மங்கினாலும் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொள்கிறான். காலையிற் சரியாகிவிடும் என்று பக்கத்துக் கட்டிற்காரனும் தேற்றுகிறான்.

வளைகுடாவில் உறவினர் உள்ளோர், அடுத்த முறை தொலைபேசியிற் பேசுகையில், இந்த நஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பாராக. 'குடியாதே' என்று சொல்வதுடன் நிறுத்த வேண்டாம். கண் மங்கினால் பொலிசுக்கு அஞ்சி ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாமென்றும், பக்கத்துக் கட்டிலில் எவரேனும் அவ்விதம் முனகினால் அவரையும் கையோடு அழைத்துச் செல்லும்படியும் கூறுக.