ஐந்து விநாடிக்கு முந்தைய நாகஸ்வரம்

கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் ஒருவர் தோடியில் ஒரு பிடி வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள். முதல் எந்திரத்தில் புறப்படும் நாடா அங்கேயே சுற்றிக்கொள்ளாமல், நேரே போய் இரண்டாவதில் சுற்றுகிறது. முதலாவது பதிவு செய்யும். இரண்டாவது அதை ஒலிக்க வைக்கும். நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடினால், வாசித்த பிடி சுமார் ஐந்தேகால் விநாடி கழித்து ஒலிபெருக்கியில் திரும்பி வரும்.

அந்த ஒலியை மறுபடியும் முதல் எந்திரத்துக்கே கொடுத்துச் சுற்றாக்கினால், பழைய பிடியும் புதிய பிடியும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிகின்றன. சிறிது நேரத்தில் ஒரே ஆள் ஒரு கோஷ்டியாகிவிடுவார். ஒலியளவுத் திருகை ஒரு பொட்டு கூட்டினால் ஒலி பெருகிப் பெருகி ஊளையாகும். ஒரு பொட்டு குறைத்தால் மெல்லக் கரையும். திருகைப் பிடித்திருப்பவரும் அங்கே ஒரு வாத்தியக்காரர்தான்.

இதற்குப் பின்னால் உள்ள அறிவியல் எளிமையானது. பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. ஒலி மின்னோட்டமாகிப் பதிவு 'ஹெட்'டில் உள்ள கம்பிச் சுருளுக்குள் பாய்கிறது. ஹெட்டின் மயிரிழை இடைவெளியைக் கடக்கும் துகள்கள் அதற்கேற்பக் காந்தமாகின்றன. ஒலிக்கும்போது காந்தம் மீண்டும் மின்னோட்டமாகிறது. ஆக, டேப்பில் காலம் என்பது நீளம். எந்திரத்தைத் தள்ளிவைத்தால் தாமதம் கூடும். பதிந்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கும், காலப்பிரமாணமும் பாதியாகும். ஒவ்வொரு மறுபதிவிலும் மேல் அதிர்வெண்கள் தேய்வதால், நாகஸ்வரத்தின் கூர்மைதான் முதலில் மழுங்கும்.

பதிந்த ஒலியைப் படைப்புக்குப் பயன்படுத்தும் முயற்சி புதிதல்ல. 1944இல் கெய்ரோவில் ஹலிம் எல்-தப் என்பவர், கம்பியில் பதியும் கருவியோடு ஒரு பேயோட்டும் சடங்குக்குப் போய், அந்தக் குரல்களை உருமாற்றிப் படைப்பாக்கினார். 1952இல் இத்தாலியர் புரூனோ மதேர்னா, புல்லாங்குழலையும் டேப்பையும் ஒரே மேடையில் சேர்த்தார். ஆனால் முன்கூட்டியே பதிந்த டேப்புக்கு வாசிப்பவர்தான் இணங்கிப் போக வேண்டும். வாசிப்பவருக்கு டேப்பே பதில் சொல்லும் இரட்டை எந்திர முறையை 1963இல் பாரிஸில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் டிரம்பெட்டைக் கொண்டு செய்து பார்த்தார். பிறகு சாக்ஸபோனுடன் இரவு முழுக்கக் கச்சேரி செய்த ரைலி, 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்தின் சீடரானார்.

இந்தியாவிலும் இத்தகைய டேப் பரிசோதனை நடந்தது. பக்கவாஜ் வாசித்த கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் போய், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் மேலை இசை கற்று, அவருக்கு நம் இசையைக் கற்பித்தார். அந்த உறவின் தொடர்ச்சியாக 1969இல் கேஜுடன் பணியாற்றிய இசைக்கலைஞர் டேவிட் டூடர் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு ஒலி எழுப்பும் மூக் சிந்தசைசரும் டேப் எந்திரங்களும் கொண்ட ஒலிக்கூடத்தை அமைத்தார். மூக் சிந்தசைசரையும் டேப்பையும் சுற்றுக்குள் விட்டு அவரே பதிவுகள் செய்தார். கீதா, அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே பரிசோதனைகள் செய்தார்கள். அங்கே ஐ.எஸ். மாத்துர் செய்த பதிவு ஒன்றின் தலைப்பே, தாம் ஒருகாலத்தில் தம்பூரா வாசித்ததைச் சொல்கிறது. 1972க்குப் பிறகு எல்லாம் அடங்கிப்போனது. நாடாக்கள் ஆவணக் காப்பறையில் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்துத் தொகுத்த இசைத்தட்டு 2023இல்தான் வந்தது. அரை நூற்றாண்டு கேட்பாரில்லாமல் போனது பெரிய இழப்பு.

தமிழ்நாட்டில் எந்திரம் வேறு வழியாக வந்தது. மூச்சை இடையறாமல் சுழற்றி ஒரே சுருதியைப் பிடித்திருந்த ஒத்துக்காரரின் இடத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டி உட்கார்ந்தது. பல கோயில்களில் தீபாராதனைக்கு மோட்டார் மேளம் முழங்குகிறது. சுவிட்சைப் போட்டால் போதும், தவில்காரர் வேண்டாம். டேப் சுற்றுக்கோ வாசிப்பவர் கட்டாயம் வேண்டும். அவர் நிறுத்தினால் அதுவும் கரைந்துவிடும். எந்திரத்தை வாங்குவதென்றால் இந்த வகையை வாங்கலாம்.

இன்று அதற்கு ஸ்பூல் டேப்கூடத் தேவையில்லை, லேப்டாப் போதும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தவில் பயிலும் பிள்ளைகளுக்கு இதை ஒருநாள் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரமும் ஐந்தேகால் விநாடியில் முடியும்படி வாசித்தால், டேப் கணக்கில் மேலே சொன்ன ஒரு மீட்டர் இடைவெளி சரியாக ஓர் ஆவர்த்தனம். போன ஆவர்த்தனத்தில் வாசித்த சொல், இந்த ஆவர்த்தனத்தில் அதே இடத்தில் வந்து விழும். எந்திரத்தைச் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நெருக்கி வைத்தால் தாமதம் ஏழு அட்சரமாகும். அப்போது ஒவ்வொரு எதிரொலியும் ஓர் அட்சரம் முன்னே விழுந்துகொண்டே போய், சமத்தில் வாசித்த சொல்லின் எட்டாவது எதிரொலி ஐம்பத்தாறு அட்சரம் கழித்து மறுபடி சமத்தைத் தொடும்.